யோன் வழியே பாரிஸுக்கு: சொந்தப் படகில் முதன்முறை போகிறவர்களுக்கு

படகு வாங்கிய கையோடு வரைபடத்தை விரித்து, பாரிஸுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணுகிறவர்கள்தான் அதிகம். பிரான்ஸின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் அது பாதிக் கணக்கு. வழியில் எத்தனை லாக் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டி) இருக்கிறது, அவை எப்போது திறந்திருக்கும், எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதெல்லாம் மீதிப் பாதி. அந்தக் கணக்கு கைவந்துவிட்டால், பாரிஸின் நடுவிலேயே படகைக் கட்டிவிட்டு இறங்கி நடப்பது பெரிய காரியமில்லை.

பாரிஸுக்குப் பல பக்கங்களிலிருந்தும் நீர்வழி வருகிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது தெற்கு வழி. ஒசேர் நகரில் தொடங்கி யோன் ஆற்றோடு மோந்த்ரோ வரை, அங்கிருந்து செய்ன் ஆற்றோடு பாரிஸ் வரை. முழுக்க நீரோட்டத்தோடு போகும் பயணம் என்பது ஒரு காரணம். பாரிஸ் படகுத்துறையின் வாசல் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாகான இடத்தில் இருப்பது இன்னொரு காரணம். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

தண்ணீர் பழகாமல் பாரிஸ் வேண்டாம்

முதல் படகுப் பயணமே பாரிஸுக்கு என்று திட்டமிடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கால்வாயில் ஒரு வாரம் வாடகைப் படகு ஓட்டிப் பாருங்கள். பிரான்ஸில் வாடகைப் படகுக்கு உரிமம் தேவையில்லை. புறப்படும் முன் நிறுவனத்தார் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் ஓர் அட்டையைத் தருவார்கள். குறிப்பிட்ட பகுதிக்குள் ஓட்ட அது போதும்.

இதற்கு ஏற்ற இடம் நிவெர்னே கால்வாய். ஒசேர் நகரிலிருந்து லுவார் ஆற்றங்கரை வரை 174 கிலோமீட்டர். பல லாக்குகளில் இன்னும் ஆள் நின்று கையால் கதவைச் சுழற்றித் திறக்கிறார். நீங்களும் இறங்கி ஒரு பக்கக் கதவைத் திறந்து கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் லாக் எப்படி வேலை செய்கிறது என்பது கைக்கே புரிந்துவிடும். பரபரப்பான சரக்குப் போக்குவரத்து இல்லை. தப்பாக வளைந்தால் புல் கரையில் போய் மெதுவாக இடிப்பீர்கள், அவ்வளவுதான். இதே தப்பைப் பாரிஸில் செய்தால் இடிபடுவது கருங்கல் சுவர்.

படகை அளந்து கொள்ளுங்கள்

நான்கு அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: நீளம், அகலம், தண்ணீருக்குக் கீழே இருக்கும் ஆழம், தண்ணீருக்கு மேலே இருக்கும் உயரம். முதல் இரண்டில் பெரும்பாலும் சிக்கல் வராது. 1879இல் ஃப்ரேசினே என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டம் லாக் ஒன்று 38.5 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பிரான்ஸின் பெரும்பாலான கால்வாய்கள் இன்றும் அந்த அளவில்தான் இருக்கின்றன. குடும்பப் படகு அதில் தாராளமாக நுழையும்.

தொல்லை உயரத்தில்தான். பழைய பாலங்கள் வளைவானவை. நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. அதனால் கூரையின் நடு உயரத்தை மட்டும் அளந்தால் போதாது, கூரையின் இரண்டு ஓரங்களையும் அளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் டீசல் தொட்டியும் காலியாக இருக்கும்போது படகு சில சென்டிமீட்டர் மேலே எழும்பி நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஆன்டெனா, கொடிக்கம்பம், சைக்கிள் எல்லாம் மடங்கும்படி இருக்கட்டும். ஃப்ரேசினே அளவுக் கால்வாய்களில் பொதுவாக 3.5 மீட்டர் உயரம் கிடைக்கும். நிவெர்னேயின் சில பாலங்கள் அதைவிடத் தாழ்வு. உங்கள் வழியின் மிகத் தாழ்ந்த பாலம் எதுவோ அதுதான் உங்கள் அளவு.

காகிதங்கள்

சொந்தப் படகென்றால் உரிமம் வேண்டும். பிரான்ஸில் 4.5 கிலோவாட்டுக்கு, அதாவது 6 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் உள்நாட்டு நீர்வழிக்கான உரிமம் கட்டாயம். குறைந்தபட்ச வயது 16. சாதாரண உரிமம் 20 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு, அதற்கு மேல் தனி உரிமம். தேர்வு பிரெஞ்சில் இருக்கும். வேறு ஐரோப்பிய நாட்டில் உரிமம் எடுத்தவர்கள், ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகளையும் படித்துத் தேறியதற்கான ஒப்புதல் தங்கள் சர்வதேசச் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். கடலுக்கு மட்டும் எடுத்த சான்றிதழ் இங்கே போதாது.

ரேடியோவைப் பயன்படுத்தத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள். பாரிஸுக்குள் வி.எச்.எஃப். ரேடியோ இல்லாமல் படகோட்டுவது நடக்காத காரியம்.

அப்புறம் கட்டணம். சுமார் 6,700 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் பெயர் வி.என்.எஃப். படகின் நீளத்தையும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்பதையும் வைத்து அது சுங்கம் வாங்குகிறது. இணையத்திலேயே கட்டி, ரசீதை அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். லாக்குக்கு லாக் தனிக்காசு கிடையாது. ஆனால் பாரிஸ் நகருக்குள் இருக்கும் கால்வாய்கள் வி.என்.எஃப்.பின் கீழ் வருவதில்லை. அவை பாரிஸ் மாநகராட்சிக்குச் சொந்தம், அங்கே தனியாகக் கட்ட வேண்டும்.

படகுப் பதிவு, காப்பீடு, அடையாள அட்டை மூன்றையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டுச் சுக்கானுக்குப் பக்கத்தில் வையுங்கள். 2008க்குப் பிறகு கட்டிய, கழிப்பறை உள்ள படகு என்றால் கழிவைத் தேக்கும் தொட்டி இருக்க வேண்டும். இது துறைகளில் படகை நிறுத்துவதற்கான விதி.

நாள் கணக்கு

கால்வாயில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 6 கிலோமீட்டர். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேகமாகப் போனால் அலை எழுந்து மண் கரையை அரித்துவிடும். ஆற்றில் வரம்பு கூடுதல், ஆனாலும் சராசரிப் படகு 8 முதல் 10 கிலோமீட்டர்தான் ஓடும். ஒரு லாக்குக்கு 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். 24 கிலோமீட்டரும் 10 லாக்கும் உள்ள ஒரு கால்வாய்ப் பகுதி என்றால், ஓட்டம் 4 மணி, லாக் 3 மணி, ஆக 7 மணி நேரம். அது ஒரு முழு நாள். அதற்கு மேல் இழுத்தால் மாலையில் வீட்டுக்காரர்கள் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

இதே கணக்கில் பார்த்தால், ஒசேர் முதல் மோந்த்ரோ வரை 108 கிலோமீட்டர், 26 லாக். நான்கு நாள். மோந்த்ரோ முதல் பாரிஸ் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர், 8 லாக். இரண்டு மூன்று நாள். ஜுவன்யியிலும் சான்ஸிலும் ஊர் பார்க்க நிற்பீர்கள். மழை ஒரு நாளைத் தின்னும். மொத்தம் பத்து நாள் ஒதுக்கினால் யாரையும் திட்டாமல் போய்ச் சேரலாம்.

சின்னக் கால்வாய்களில் மதியச் சாப்பாட்டு நேரம் லாக்கும் சாப்பிடும். 12 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் ஹாரன் அடிக்காதீர்கள். கரையில் கட்டி, நீங்களும் சாப்பிடுங்கள். மே 1 போன்ற விடுமுறை நாட்களில் பல இடங்களில் லாக் இயங்காது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் மூடுவார்கள், அந்தப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். இவை தவிர திடீர் அறிவிப்புகளும் உண்டு. வி.என்.எஃப். தளத்தில் படகோட்டிகளுக்கான அறிவிப்புப் பக்கத்தைத் தினமும் காலையில் காபியோடு பார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 26 அன்று ஒலிம்பிக் தொடக்க விழா செய்ன் ஆற்றிலேயே நடந்தபோது, பாரிஸின் நடுப்பகுதி போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

எந்த மாதம் போகலாம்? மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் கால்வாயில் தண்ணீர் போதாமல் போகலாம். 38.5 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம் உள்ள லாக்கில் நீர்மட்டம் 2.6 மீட்டர் மாறினால், ஒவ்வொரு தடவையும் 5 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் தண்ணீர் கீழே போகிறது. மேட்டிலுள்ள ஏரிகளில் சேமித்த தண்ணீர் அது. 2022 வறட்சியில் பல கால்வாய்களை மூட வேண்டி வந்தது. தண்ணீர் குறையும்போது லாக்காரர் உங்களைக் காக்க வைத்து, பின்னால் வரும் படகையும் சேர்த்து ஒன்றாக இறக்குவது இதனால்தான். ஆறுகளுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. 2016 ஜூனில் செய்ன் பாரிஸில் 6.10 மீட்டர் வரை ஏறிப் படகுப் போக்குவரத்து நின்றது. ஜூன்தானே என்று நினைக்க முடியாது, மேல்நிலத்தில் ஒரு வாரம் கனமழை என்றால் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

லாக்குக்குள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு கல்தொட்டி. நீங்கள் உள்ளே போனதும் பின்கதவை மூடி, தண்ணீரை விட்டோ வடித்தோ உங்களை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். வாசலில் விளக்கு இருக்கும். சிவப்பு என்றால் நில். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் உங்களுக்காகத் தயாராகிறது. பச்சை மட்டும் எரிந்தால் உள்ளே வா. இரண்டு சிவப்பு என்றால் லாக் வேலை செய்யவில்லை, கரையில் கட்டிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

வாசலுக்கு 50 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஃபெண்டர்கள், அதாவது படகு சுவரில் இடிபடாமல் காக்கும் மெத்தைகள், இரண்டு பக்கமும் தொங்கட்டும். பழைய டயரைத் தொங்கவிடக் கூடாது. அறுந்தால் மூழ்கி, கதவுக்கு இடையில் சிக்கிவிடும் என்பதால் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், கயிறு பிடிப்பவர் கையுறையும் போடட்டும். நனைந்த கயிறு உள்ளங்கையை உரித்துவிடும்.

உள்ளே போனதும், கரையில் உள்ள கட்டுக்குற்றியைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, நுனியை மறுபடியும் உங்கள் கையில் பிடியுங்கள். கரையில் முடிச்சுப் போடவே கூடாது. படகிலும் முடிச்சு வேண்டாம், ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தால் போதும். தண்ணீர் இறங்கும்போது படகும் இறங்கும், கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிச்சு இறுகிவிட்டால் படகு ஒரு பக்கமாகச் சுவரில் தொங்க ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். அதனால் கூரான கத்தி ஒன்று சுக்கான் பக்கத்திலேயே எப்போதும் இருக்கட்டும்.

இறங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்கதவின் அடியில் ஒரு கல்படி உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் அமரம் (பின்பக்கம்) அதன் மேலே மாட்டிக்கொண்டால் முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகு குத்திட்டு நிற்கும். எனவே இறங்கும்போது முன்னால் தள்ளியே நில்லுங்கள். சில லாக்குகளில் சுவரில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள்.

ஏறும்போது தண்ணீர் முன்பக்கமிருந்து பொங்கி வரும். படகைப் பின்னால் தள்ளி, மூக்கைத் திருப்பப் பார்க்கும். அப்போது அணியத்துக் கயிறுதான் (முன்பக்கக் கயிறு) முக்கியம், அதை இறுக்கமாக வைத்துத் தளர்ச்சியை உடனுக்குடன் இழுங்கள்.

தானியங்கி லாக்குகளில் ஆள் இருக்க மாட்டார். வாசலுக்கு முன் தண்ணீருக்கு மேலே ஒரு கம்பு தொங்கும், போகிற போக்கில் பிடித்துக் கொஞ்சம் திருகினால் போதும். சில இடங்களில் ரிமோட் தருவார்கள். உள்ளே சுவரோரம் ஏணிக்குப் பக்கத்தில் இரண்டு தண்டுகள் இருக்கும். கயிறு எல்லாம் சரி என்றானதும் நீலத் தண்டை மேலே தூக்குங்கள், கதவு மூடத் தொடங்கும். சிவப்பு அவசரத்துக்கு. தெரியாமல் சிவப்பை இழுத்துவிட்டால் லாக் நின்றுவிடும், ஆள் வந்துதான் மீண்டும் ஓட்ட வேண்டும். குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கையையோ காலையோ படகுக்கும் சுவருக்கும் இடையில் கொடுத்துத் தள்ளாதீர்கள். பத்து டன் படகைக் கால் நிறுத்தாது. படகு இடிபடட்டும், பெயின்ட்தான் போகும்.

யோனின் சாய்ந்த சுவர்கள்

நிவெர்னேயில் லாக் பழகி வந்தவர்களுக்கும் யோனில் புதிதாக ஒன்று காத்திருக்கிறது. இங்கே பல லாக்குகளின் பக்கச் சுவர் செங்குத்தாக இல்லை, கிண்ணம் மாதிரிச் சாய்ந்திருக்கும். நிறைந்திருக்கும்போது கரையோரம் நின்ற படகு, தண்ணீர் இறங்க இறங்கச் சாய்வுக் கல்லின் மேல் உட்கார்ந்துவிடும். சில இடங்களில் மிதக்கும் மேடை போட்டிருக்கிறார்கள், இருந்தால் அதில்தான் கட்ட வேண்டும். இல்லாத இடத்தில் கயிற்றைத் தளர்வாக விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, முன்னும் பின்னும் ஆளுக்கொரு நீளக் கம்போடு நின்று படகை நடுவில் வைத்திருக்க வேண்டும். ரேடியோவில் லாக்காரரிடம் மெதுவாக வடிக்கச் சொல்லலாம், தயங்காமல் கேளுங்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள படகுக்கு இது கொஞ்சம் வேலைதான். இங்கே மூன்றாவது ஆள் கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

செய்னில்

மோந்த்ரோவில் யோன் செய்னோடு சேர்கிறது. அதுவரை தனியாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இங்கிருந்து சரக்குப் படகுகளின் துணை. மணலும் தானியமும் ஏற்றிய நீளப் படகுகள். அவற்றுக்கு நிறுத்தவோ திருப்பவோ நிறைய தூரம் வேண்டும். விதியும் சரி, புத்தியும் சரி, சொல்வது ஒன்றுதான்: சின்னப் படகு ஒதுங்க வேண்டும். ஒரு லாக் வாசலில் சரக்குப் படகு காத்திருந்தால் அது முதலில் போகட்டும். அதன் பின்னால் உள்ளே போகும்போது, அதன் விசிறி கிளப்பும் தண்ணீர் அடங்கும்வரை தள்ளியே நில்லுங்கள்.

எதிரே வரும் படகு நீலப் பலகையைக் காட்டி வெள்ளை விளக்கை மினுக்கினால், வழக்கமான வலப்பக்க ஒதுங்கலை விட்டு, உங்கள் வலப்பக்கமும் அதன் வலப்பக்கமும் எதிர்ப்படக் கடக்கப்போகிறது என்று பொருள். வளைவுகளில் இது சாதாரணம். ரேடியோவை 10ஆம் சேனலில் விட்டு வையுங்கள், படகுகள் ஒன்றோடொன்று பேசுவது அதில்தான்.

சிவப்பு மிதவை வலது கரைப் பக்கம், பச்சை இடது கரைப் பக்கம். கரையின் வலது இடது என்பது எப்போதும் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. நீங்கள் கீழ்நோக்கிப் போவதால் சிவப்பு உங்களுக்கும் வலது பக்கமே வரும். பாலத்தில் ஒரு மஞ்சள் சாய்சதுரம் தொங்கினால் அந்த வளைவு வழியே போகலாம், எதிரிலும் ஆள் வரலாம். இரண்டு மஞ்சள் இருந்தால் எதிரில் யாரும் வர மாட்டார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று படுக்கைக் கோடுகள் இருந்தால் அந்த வளைவு உங்களுக்கில்லை.

லுவான் ஆறு சேரும் இடத்தில் உள்ள சான் மம்மெஸ் படகோட்டிக் குடும்பங்களின் பழைய ஊர். ஒரு இரவு அங்கே நில்லுங்கள். அதன் பின் ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரமாக ஆறு வளைந்து போகும், மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். மெலானுக்குப் பிறகு தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் தொடங்கிவிடும். டீசல், தண்ணீர் இரண்டையும் மெலானுக்குள் பார்த்துக்கொள்வது நல்லது. கரையோர டீசல் பம்புகள் அரிது, கேன் ஒன்றும் சைக்கிள் ஒன்றும் இருந்தால் தைரியமாக இருக்கலாம்.

பாரிஸுக்குள் நுழையும் நாள்

முந்தின வாரமே ஆர்சனல் துறையில் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். பாஸ்டில் சதுக்கத்துக்கும் செய்னுக்கும் நடுவே இருக்கும் இந்தத் துறை 1983இல் உல்லாசப் படகுகளுக்குத் திறக்கப்பட்டது. கோடையில் நெரிசல். காசு கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் மலிவான இடம் தேடி நகருக்கு வெளியே கட்டிவிட்டுத் தினமும் ரயிலில் வருவதைவிட இதுவே மேல் என்பேன்.

காலையில் புறப்படுங்கள். கடைசி லாக் போர் ஆ லாங்லே. அதைத் தாண்டினால் வலது கரையில் மார்ன் ஆறு வந்து சேரும், அங்கே குறுக்கு நீரோட்டம் இருக்கும். அப்புறம் இடது கரையில் தேசிய நூலகத்தின் நான்கு கோபுரங்கள், வலது கரையில் தண்ணீருக்குள் கால் வைத்தது போல நிற்கும் நிதி அமைச்சகம், மெட்ரோ ஓடும் பெர்சி பாலம். 2025 ஜூலை முதல் கோடையில் செய்னில் பொதுமக்கள் நீந்த மூன்று இடங்கள் திறந்திருக்கிறார்கள், பெர்சி அதில் ஒன்று. மிதவைகள் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அலை எழாமல் போங்கள்.

இங்கே தண்ணீரின் குணமே மாறிவிடும். இரண்டு பக்கமும் செங்குத்தான கல் சுவர். ஒரு சுற்றுலாப் படகு கிளப்பும் அலை சுவரில் மோதித் திரும்பி வரும், அடுத்த படகின் அலையோடு சேரும். எல்லாப் பக்கமிருந்தும் குலுக்கும். அலமாரிக் கதவுகளைக் காலையிலேயே தாழிட்டுவிடுங்கள், அடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது.

ஓஸ்தெர்லிட்ஸ் பாலத்தைத் தாண்டியதும் வலது கரையோரம் ஒட்டிப் போங்கள். மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஆர்சனல் லாக்கின் வாய் தெரியும். 9ஆம் சேனலில் துறையைக் கூப்பிட்டு உங்கள் படகின் பெயர், நீளம் சொல்லுங்கள். பச்சை விழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால், படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்து எஞ்சினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அப்படி நின்றால்தான் படகு உங்கள் சொல் கேட்கும். உள்ளே திரும்பும்போதும் கீழிருந்து மேல்நோக்கி வந்து திரும்புவது எளிது.

தெற்கு வழி நல்லது என்று முதலில் சொன்னதன் காரணம் இந்த இடம்தான். வாசல் சான் லூயி தீவுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. தீவுகளுக்கு இடையே ஆறு குறுகி, கீழ்நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு பொழுது, மேல்நோக்கி வருகிறவர்களுக்கு ஒரு பொழுது என்று விளக்கு வைத்து முறை போட்டு விடுகிறார்கள். கடல் பக்கமிருந்து செய்ன் வழியாகவே வருகிறவர்கள் அதை எதிர்நீரோட்டத்தில் தாண்டித்தான் ஆர்சனலுக்கு வர வேண்டும். உங்களுக்கு அன்றைக்கு அந்தத் தலைவலி இல்லை.

துறையில்

குடிநீர், மின்சாரம், குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் உண்டு. இந்தத் துறை ஒரு காலத்தில் பாஸ்டில் கோட்டையின் அகழி. ஒன்றாம் எண் மெட்ரோவின் பாஸ்டில் நிலையம் துறையின் தலைமாட்டில், தண்ணீருக்கு மேலேயே இருக்கிறது. நடைமேடையில் நின்றால் உங்கள் படகே தெரியும். ஐந்தாம் எண் மெட்ரோவின் நடைமேடையில் கோட்டைச் சுவரின் மிச்சக் கற்கள் இருக்கின்றன.

வியாழனும் ஞாயிறும் காலையில் ரிஷார் லெனுவார் சாலையில் பெரிய சந்தை கூடும், காய்கறியும் மீனும் அங்கே வாங்கலாம். அரிசி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை தீர்ந்திருந்தால் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் போக வேண்டியதுதான். பாஸ்டிலில் ஐந்தாம் எண் மெட்ரோ ஏறி கார் து நோரில் இறங்கினால் கொஞ்ச நடை.

நகரத்தில் படகு நிற்கும்போது ஏறு பலகையை இரவில் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், சைக்கிளை வெளியே விடாதீர்கள்.

ஒரு நாள் ஒதுக்கிச் சான் மார்த்தான் கால்வாயில் ஏறிப் பாருங்கள். நகருக்குக் குடிநீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் உத்தரவிட்ட திட்டத்தின் பகுதி இது, 1825இல் திறந்தார்கள். துறையின் மேல் முனையிலிருந்து படகு நேராகப் பூமிக்கு அடியில் நுழையும். தலைக்கு மேலே பாஸ்டில் சதுக்கத்தின் ஜூலைத் தூண். 1830 புரட்சியில் இறந்தவர்களின் எலும்புகள் அதன் அடியில் உள்ள கல்லறையில் இருக்கின்றன, அதன் பக்கமாகத்தான் படகு போகிறது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம். கூரையில் வட்ட வட்டமாகத் திறப்புகள் இருப்பதால் இருட்டில் அங்கங்கே வெளிச்சத் தூண்கள் இறங்கி நிற்கும். மேலே நீங்கள் தக்காளி வாங்கிய அதே சந்தை. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள். வெளியே வந்ததும் இரட்டை லாக்குகள் நான்கு, சுழலும் பாலங்கள், பாலத்தின் மேல் வரிசையாகக் கைப்பேசியோடு வேடிக்கை பார்ப்பவர்கள். கயிறு கை தவறினால் அது எங்கேயோ ஒரு காணொளியில் நிலைத்துவிடும். மாநகராட்சிக் கால்வாய் என்பதால் கட்டணமும் நேரமும் துறை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியேற இரண்டு வழிகள்

சான் மார்த்தான் வழியே அதன் மேல் முனையில் உள்ள லா விலெத் படுகைக்கு ஏறியவர்கள் திரும்பி வர வேண்டியதில்லை. அங்கிருந்து சான் தெனி கால்வாயில் 6.6 கிலோமீட்டர், 7 லாக் இறங்கினால் பாரிஸைத் தாண்டிச் செய்னில் வந்து சேரலாம். அழகான வழி இல்லை, ஆனால் நடுநகர நெரிசல் முழுவதும் தப்பும். காற்றோ நீரோட்டமோ அதிகமாக இருக்கும் நாட்களில் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நோத்ருதாமையும் ஈஃபில் கோபுரத்தையும் தண்ணீரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஆர்சனலுக்கே திரும்பி, வார நாள் ஒன்றில் சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கும் முன் காலையில் செய்னில் இறங்குங்கள். தீவுகளின் விளக்கு கீழ்நோக்கிப் போகிறவர்களுக்கு எப்போது பச்சையாகும் என்பதை முந்தின நாள் துறை அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். நீரோட்டம் கூடவே இருப்பதால் நிற்பதும் திரும்புவதும் கடினம். படம் எடுப்பவர் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், சுக்கான் பிடிப்பவர் கோபுரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்த லாக் சுரேனில். அதன் பின் இரண்டாம் நாள் கோன்ஃப்ளான் சாந்த் ஒனொரினில் நிறுத்தலாம். பெல்ஜியம் பக்கம் போகிறவர்கள் அங்கே வலது பக்கம் ஒய்ஸ் ஆற்றில் திரும்ப வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் நேராகப் போகலாம். ஆனால் ரூவானுக்குக் கீழே கடலலை ஏற்ற இறக்கம் பலமாக இருக்கும், அந்தப் பகுதிக்குத் தனிப் பயிற்சியும் அலை அட்டவணையும் வேண்டும்.